பயோங் பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸில், லகூனா மாகாணத்து லாஸ் பான்யோஸில் குடியிருக்கிறோம். சந்தைக்கு நான் கொண்டுபோகும் ஓலைப்பையைப் பார்த்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்பதும், ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் சொந்தக்காரர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எடுத்து எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை; வரிசையாகப் படித்தால் நல்லது.

அது என்ன பயோங்? கூடையா, பையா?

பைதான். பிளாஸ்டிக் பை வருவதற்கு முன்னால் பிலிப்பைன்ஸ் வீடுகளில் சந்தைக்குக் கொண்டுபோனது இதைத்தான். அடி சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும். பக்கங்கள் நேராக ஏறும், வாய் திறந்தே இருக்கும், மேலே இரண்டு கைப்பிடி. தரையில் வைத்தால் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். தேவையில்லாதபோது தட்டையாக அமுக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

இன்றும் பெரிய ஊர்ச் சந்தைகளில் துடைப்பம், முறம், பாய் விற்கும் கடையில் இதுவும் தொங்கும். அதே பையில் துணி லைனிங், ஜிப், தோல் கைப்பிடி வைத்து மணிலா மால்களில் கைப்பையாகவும் விற்கிறார்கள். விலைதான் எங்கோ போய்விடும்.

தென்னை ஓலையிலா செய்கிறார்கள்?

இல்லை. தென்னங்கீற்றில் அவசரத்துக்குக் கூடை முடைவார்கள், அது சில நாளில் காய்ந்து உடைந்துவிடும். பயோங்குக்குப் பேர்பெற்றது புரி என்னும் பனை. நம் கோயில் தோட்டங்களில் அபூர்வமாகப் பார்க்கும் தாளிப்பனைக்கு நெருங்கிய உறவு அது. விசிறி மாதிரி விரிந்த பெரிய மட்டை. ஒரு மட்டையிலிருந்தே நிறைய ஓலை கிடைக்கும்.

அடுத்தது பண்டான், அதாவது தாழை இனம். லகூனாவில் லூயிசியானா என்று ஒரு ஊர் இருக்கிறது (அமெரிக்க மாநிலம் இல்லை). அங்கே பண்டான் பின்னல்தான் ஊர்த் தொழில். தாழையிலேயே இடத்துக்கு ஒரு வகை உண்டு. பிக்கோல் பகுதியில் கரகுமோய், அந்திகே மாகாணத்து லிபெர்தாத் ஊரில் பரிவ், அவுரோரா மாகாணத்து பாலேரில் மெல்லிசான சபுதான். சமார் தீவின் பாசேய் ஊரில் திகோக் என்னும் கோரைப் புல். அதில் முக்கியமாகப் பாய் நெய்வார்கள், பையும் செய்வார்கள். அதனால் ‘அசல் பயோங் எந்த ஓலை?’ என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. எந்த ஊரில் எது வளர்கிறதோ அதுதான் அந்த ஊருக்கு அசல்.

பண்டான்னா பிரியாணியில போடுற ரம்பை இலைதானே அக்கா? பை மணக்குமா?

சிங்கப்பூர், இலங்கைப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சமையலுக்குப் போடும் ரம்பை சின்னச் செடி, இலை மெத்தென்று இருக்கும். பைக்கு எடுப்பது அதே குடும்பத்தில் வேறு செடி. இலை ஆள் உயரத்துக்குப் போகும், இரண்டு ஓரத்திலும் நடுநரம்பின் அடியிலும் முள் வரிசை இருக்கும். நம் கடற்கரைத் தாழம்புதருக்குள் கைவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பை மணக்காது. புதிதாக வாங்கும்போது காய்ந்த வைக்கோல் வாசம் லேசாக வரும், சில வாரத்தில் போய்விடும். மணத்துக்காக ஏதோ தெளித்து விற்கிறார்கள் என்றால் உள்ளே பூஞ்சை நாற்றம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கையாலேயே செய்றாங்களா? இல்லை மெஷின் இருக்கா?

பின்னல் முழுக்கக் கைதான். லூயிசியானா முறையைச் சொல்கிறேன். முற்றிய இலையாகப் பார்த்து வெட்டி, முதலில் முள்ளை எடுக்கிறார்கள். ஓரம் இரண்டையும் நடு நரம்பையும் கத்தியால் சீவிவிட்டால் வழவழப்பான நாடாக்கள் மிஞ்சும். அவற்றை ஒரே அகலத்துக்குக் கிழிக்க, மரக்கட்டையில் சமதூரத்தில் பதித்த பிளேடு வரிசை. ஒரே இழுப்பில் நாலைந்து கீற்று ஒரே அளவில் வரும். அப்புறம் வெயில். காய்ந்ததும் இலை சுருண்டுகொள்ளும். அதைப் பரப்பிக் கனமான உருளையை மேலே முன்னும் பின்னும் ஓட்டினால்தான் தட்டையாகி, பின்னும்போது மடங்கிக் கொடுக்கும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும்.

பின்னல் அடியிலிருந்து தொடங்குகிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தரையில் ஒரு சதுரம் பின்னி முடித்ததும், அதை மரக்கட்டை அச்சின் மேல் கவிழ்த்துப் பக்கங்களை மடித்து இறக்குகிறார்கள். அச்சு இருப்பதால்தான் எல்லாப் பையும் ஒரே அளவில் வருகிறது. கீற்று விறைத்தால் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக்கொள்வார்கள். கடைசியில் வாய் விளிம்பு. மிச்சமிருக்கும் நுனிகளைத் திருப்பிப் பின்னலுக்குள்ளேயே செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடுவார்கள். நல்ல பை, சுமாரான பை என்று பிரித்துப் பார்க்க விளிம்பைப் பார்த்தால் போதும். சுமாரான பையில் நுனியைச் செருகாமல், மேலே ஒரு பட்டையை வைத்துத் தைத்து மறைத்திருப்பார்கள்.

பாசேயில் இன்னொரு வழக்கம். அங்கே சாவோப் குகைக்குள் உட்கார்ந்து நெய்வார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதற்காக என்றுதான் நானும் நினைத்தேன். குகையின் குளிர்ச்சியில் திகோக் காய்ந்து முறியாமல் வளைந்துகொடுக்கிறது, அதற்காகத்தான்.

எவ்வளவு வெயிட் தாங்கும்? அஞ்சு கிலோ அரிசி வைக்கலாமா?

வைக்கலாம். நடுத்தர அளவுப் பையில் அரிசி, தேங்காய், பூசணி என்று வாரச் சந்தைச் சாமான் தாராளமாக வரும். பயோங்கில் முதலில் போவது பின்னல் இல்லை, கைப்பிடி சேருமிடம். கைப்பிடி விளிம்போடு மட்டும் தைத்திருக்கிறதா, அல்லது பையின் பக்கவாட்டில் கீழ்வரை இறங்கி அடியைச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். அடியைச் சுற்றி வந்தால் கனம் முழுக்க அதில் தொங்கும், பை வருடக்கணக்கில் உழைக்கும். விளிம்போடு நின்றால் அது அழகுக்கு வைத்தது.

கூரான முனை உள்ள சாமானை நேராக நிறுத்தி வைக்காதீர்கள். அன்னாசிக் கொண்டையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மீனும் கறியும் ஈரமா இருக்குமே, அதை எப்படிப் போடுறது?

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் யார் பயோங்கைப் பற்றி எழுதினாலும் அவர் சந்தைக்குப் போகாதவர் என்று நான் முடிவு கட்டிவிடுவேன். இங்கே சந்தையில் இரண்டு விதப் பிளாஸ்டிக் உண்டு. ஒன்று கைப்பிடி வைத்த பை. கையில்லாத பனியனைப் போல இருப்பதால் ‘சாண்டோ பேக்’ என்பார்கள், நம் கேரி பேக்தான். இன்னொன்று ‘பிளாஸ்டிக் லாபோ’ என்னும் மெல்லிய கண்ணாடிப் பை. மீன், கறி, தயிர் மாதிரி இருக்கும் சோயாக் கட்டி, சூடான குழம்பு எல்லாம் அதில்தான் வரும். பயோங் சாண்டோ பேக்கை ஒழிக்கும். லாபோவை ஒழிக்காது.

அதற்கு டப்பாதான் வழி. மூடி இறுக்கமான இரண்டு டப்பாவை பயோங்குக்குள் போட்டுக்கொண்டு போகிறேன். மீன்காரரிடம் முதலில் காலி டப்பாவைத் தராசில் வைத்து எடையைக் கழிக்கச் சொல்ல வேண்டும். வாடிக்கையான கடை என்றால் முகம் சுளிக்க மாட்டார்கள். இங்கே வாடிக்கை உறவுக்கு ‘சுக்கி’ என்று பெயர், கடைக்காரரும் சுக்கி, வாங்குபவரும் சுக்கி. சுக்கியிடம் சின்னச் சின்ன நிபந்தனை போடலாம். டப்பா இல்லாத நாளில் வாழையிலையில் சுற்றிக் கேளுங்கள், சில கடைகளில் தருவார்கள். மீன் தண்ணீர் பையில் ஒழுகிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பூஞ்சைக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

பிலிப்பைன்ஸ்ல பிளாஸ்டிக்குக்குத் தடையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஊருக்கு ஊர் வேறு. நாங்கள் இருக்கும் லாஸ் பான்யோஸில் 2008-லேயே உள்ளூர்ச் சட்டம் வந்துவிட்டது. உலர்ந்த சாமானுக்குப் பிளாஸ்டிக் கூடாது, ஈரச் சாமானுக்குக் கட்டுப்பாடு. மேலே சொன்ன லாபோ பிரச்சினையைச் சட்டம் எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். மணிலா பெருநகரில் முந்தின்லுபா 2011-ல் தொடங்கியது, கேசோன் சிட்டி கொரோனாவால் தள்ளிப்போட்டு 2021-ல் பிளாஸ்டிக் பையை நிறுத்தியது. பக்கத்து நகராட்சிக்குப் போனால் கதை மாறிவிடும்.

நாடு முழுவதற்குமான குப்பைச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2000 ஜூலையில் கேசோன் சிட்டியின் பயாத்தாஸ் குப்பைமேடு சரிந்து, அதன் அடிவாரத்தில் குடிசை போட்டிருந்த 200-க்கும் மேற்பட்டவர்கள் புதைந்து இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் திடக்கழிவு மேலாண்மைச் சட்டம் கையெழுத்தானது. சூழலுக்கு ஆகாத பொருட்களைப் பட்டியல் போட்டுத் தடைசெய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து, 2021-ல் அந்தப் பட்டியலில் ஏறியவை இரண்டு: பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், காபி கலக்கும் குச்சி. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சூப்பர் மார்க்கெட்ல எக்கோ பேக் கிடைக்குதே, அது போதாதா?

கையில் இருந்தால் கிழியும் வரை அதையே பயன்படுத்துங்கள். துணி போலத் தெரியும் அந்தப் பை பாலிபுரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான். நெய்யாமல் இழைகளைச் சூட்டில் ஒட்டிய ரகம். வெயில் பட்டுப் பட்டு ஒரு நாள் தூள்தூளாக உதிரத் தொடங்கும். அந்தத் தூளைப் பெருக்கி எடுத்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு பயோங் எத்தனை பிளாஸ்டிக் பைக்குச் சமம்? நம்பர் சொல்லுங்க.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், பருத்திப் பையை 131 தடவையும் மேலே சொன்ன எக்கோ பேக்கை 11 தடவையும் பயன்படுத்தினால்தான் சரிக்குச் சரி. டென்மார்க் 2018-ல் நீர், மண், ஓசோன் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் பருத்திப் பைக்கு 7,100 தடவை என்று வந்தது. 

இரண்டிலும் ஓலைப்பை இல்லை. ஆகவே யாராவது ‘ஒரு பயோங் இத்தனை ஆயிரம் பைக்குச் சமம்’ என்று போஸ்டர் அடித்திருந்தால், எங்கிருந்து வந்த எண் என்று கேளுங்கள். தோட்டத்து ஓலை, வெயில், கை உழைப்பு என்று பார்த்தால் பருத்தியைவிடச் சுமை குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கணக்கைத் தீர்மானிப்பது நாம் எத்தனை தடவை எடுத்துப் போகிறோம் என்பதே. வாரம் ஒரு தடவை சந்தை, ஒவ்வொரு தடவையும் நாலு கேரி பேக் மிச்சம் என்றால் வருடத்துக்கு 208. பை ஆணியில் தொங்கினால் பூஜ்யம்.

மழைக்காலத்துல பூஞ்சை பிடிச்சிடுச்சு. தூக்கிப் போடவா?

வேண்டாம். உலர்ந்த பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டுங்கள். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். இளவெயிலில் அரை நாள், அப்புறம் காற்றோட்டமான நிழல். உச்சி வெயிலில் நாள் கணக்கில் போட்டால் சாயம் வெளுத்து ஓலை முறுகும். மீன் தண்ணீர் ஒழுகினாலும் இதே வைத்தியம்தான், முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது மட்டும் கூடுதல். வாளியில் முக்காதீர்கள், பின்னலுக்குள் புகுந்த ஈரம் வெளியே வர நாளாகும்.

பூஞ்சை வருவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். ஈரக் கீரையோடு பையை அப்படியே சமையலறை மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடுவோம். வந்ததும் காலி செய்து தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் ‘பத்திரமாக’ பீரோவில் வைப்பவர்களும் உண்டு. மணிலா ஈரப்பதத்தில் அதைவிட வேகமாகப் பூஞ்சை வளர்க்கும் வழி இல்லை.

கடையில கலர் கலரா, பளபளன்னு ஒண்ணு தொங்குது. அதுவும் பயோங்தானே?

வடிவம் பயோங், பொருள் பிளாஸ்டிக். அட்டைப்பெட்டி கட்டும் நாடாவில் பின்னியது. நம் வயர் கூடை மாதிரிதான். ஓலைப்பைகளுக்கு நடுவிலேயே தொங்கவிட்டிருப்பார்கள், கடைக்காரரும் பயோங் என்றுதான் சொல்வார். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஓலையில் நரம்பு ஓடும், நாடாவில் ஒரே மாதிரி அச்சுப் பள்ளம் இருக்கும்.

அது மோசம் என்று சொல்ல மாட்டேன். கழுவலாம், மீன் சந்தைக்கு ஓலையைவிட வசதி, பத்து வருஷம்கூடத் தாங்கும். ஆனால் ‘மண்ணோடு மண்ணாகப் போகும்’ என்று சொல்லி விற்றால் பொய். ஓலைப்பையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. மேலே வார்னிஷ் அடித்து, உள்ளே பாலியஸ்டர் லைனிங் வைத்து, ரெக்சின் கைப்பிடி போட்டது மட்காது. உரக்குழியில் போட நினைப்பவர்கள் சாதாப் பையை வாங்குங்கள், கைப்பிடிக் கம்பி இருந்தால் பிரித்துவிட்டுப் போடுங்கள்.

ஓலை வெட்டி வெட்டி மரமே போயிடாதா?

பண்டானுக்கு அந்தக் கவலை குறைவு. அடியில் முற்றிய இலைகளை எடுத்தால் உச்சியில் புது இலை வந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் கன்றும் விடும். தென்னந்தோப்பு நிழலிலேயே வளர்கிறது, தனியாக நிலம் கேட்பதில்லை.

புரிப் பனையில்தான் எச்சரிக்கை வேண்டும். அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூக்கும். பல பத்தாண்டு வளர்ந்து, உச்சியில் மரம் அளவுக்குப் பூங்கொத்து விட்டு, காய்த்து, அதோடு பட்டுப்போகும். பூப்பதற்கு முன்னால் வெட்டிச் சாய்த்தால் விதையே கிடையாது. விரியாத குருத்தோலை மெல்லிய, வெளிர் நார் தருவதால் நல்ல விலைக்குப் போகும், அந்த ஆசையில் குருத்தையே தொடர்ந்து எடுத்தால் மரம் தளர்ந்துவிடும். முற்றிய மட்டையில் செய்த தடித்த பை பார்க்கக் கொஞ்சம் முரடு. நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

நெய்றவங்களுக்கு என்ன கிடைக்குது?

குறைவுதான். பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலைக்கு நடுவே வீட்டிலேயே பின்னுகிறார்கள், கூலி பைக்கு இவ்வளவு என்று. மொத்த வியாபாரி ஆர்டரும் சில சமயம் ஓலையும் கொடுத்துப் பையை வாங்கிக்கொள்வார். அவரிடமிருந்து நகரத்துக் கடை, அங்கிருந்து மால் அல்லது ஏற்றுமதி. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது, முதல் படி மட்டும் அசைவதில்லை. முள் சீவுவதும் காயவைப்பதும் உருளை ஓட்டுவதும் கூலிக் கணக்கில் வராது, பின்னி முடித்த பைதான் கணக்கு. மழையில் ஓலை காயாத வாரத்தில் வருமானம் இல்லை.

இதைச் சொன்னால் ‘அப்போ வாங்காமல் இருப்பதே நல்லதா?’ என்று கேட்பார்கள். அப்படி இல்லை. வாங்காவிட்டால் அந்தக் குறைந்த கூலியும் நின்றுவிடும். ஆனால் ‘சூழலுக்கு நல்லது’ என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்தும் விற்பனையாளரிடம், யார் பின்னியது, பைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாக வாங்குகிறவர் உடனே பதில் சொல்வார். மற்றவர் ‘எங்கள் கைவினைச் சமூகம்’ என்று ஆரம்பிப்பார்.

சந்தையில பேரம் பேசலாமா?

கடைக்காரரிடம் கொஞ்சம் பேசலாம், இங்கேயும் அது வழக்கம். பின்னிக்கொண்டிருக்கும் அம்மாவிடமே வாங்கும்போது வேண்டாம். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

பையன் டவாவோல மெடிசின் படிக்கிறான். லீவுக்கு வரும்போது ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

தாராளமாக. டவாவோவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர், அதனால் இந்தக் கேள்வியும் நிறைய வருகிறது. மாலுக்குப் போக வேண்டாம், பொதுச் சந்தையில் துடைப்பம், பாய் விற்கும் கடையைத் தேடச் சொல்லுங்கள். மணிலா வழியாக வந்தால் கியாப்போவில் கேசோன் பாலத்துக்கு அடியில் கைவினைப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பைக்குள் இன்னொன்றைச் செருகி, உள்ளே துணியை அடைத்துக் கொண்டுவந்தால் நசுங்காது, இடமும் போகாது.

விதை, பச்சை இலை, மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்தத் தாவரப் பொருளையும் படிவத்தில் எழுதிவிட வேண்டும், அங்கே ரொம்பக் கறார். மூங்கில், பிரம்புக் கைப்பிடி இருந்தால் சிறு ஓட்டையும் மாவுத்தூளும் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உளுத்த கைப்பிடியைக் கொண்டுவந்து வீட்டு மரச்சாமானுக்குப் பூச்சியைப் பரப்ப வேண்டாம்.

டினாலாக் பை என்று பார்த்தேன், விலை பயங்கரம். அதுவும் பயோங்கா?

இல்லை. டினாலாக் துணி. மிண்டனாவோ தீவில் செபு ஏரிப் பக்கம் வாழும் டிபோலி மக்கள் அபாக்கா நாரில் நெய்வது. அபாக்கா என்பது வாழை இனம், அதன் தண்டிலிருந்து நார் எடுத்து, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி, தறியில் நெய்கிறார்கள். கோலங்கள் கனவில் வருவதாக அவர்கள் நம்பிக்கை. லாங் துலாய் என்ற நெசவாளர் அதற்காக 1998-ல் நாட்டின் ‘வாழும் பொக்கிஷம்’ விருது பெற்றார். மாதக்கணக்கில் நெய்த துணியை வெட்டித் தைத்த பைக்கு அந்த விலை ஆச்சரியமில்லை. அதில் முள்ளங்கி வாங்கப் போகாதீர்கள். விலை மலிவாக ‘டினாலாக் டிசைன்’ என்று இருந்தால் அது அச்சடித்த துணி.

பயோங் போட்டு முகத்தை மூடிக்குவாங்களாமே, அது என்ன கதை?

கதை இல்லை, நடந்தது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது, அவர்களை மறைந்திருந்து எதிர்த்த கொரில்லாப் போராளிகளைப் பிடிக்க ஊர் ஆண்களை ஓரிடத்தில் கூட்டி வரிசையாக நிறுத்துவார்கள். காட்டிக்கொடுக்க வந்தவர் கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட பயோங்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார், தலையசைத்தால் அந்த ஆள் தொலைந்தார். 1944 டிசம்பரில் தொடங்கிய மகாபிலி என்ற ஜப்பான் ஆதரவுப் படையின் பெயரோடு அந்த உருவம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வயதானவர்கள் முன்னால் விளையாட்டுக்குக்கூடப் பயோங்கைத் தலையில் மாட்டாதீர்கள்.

நம்ம ஊர்ல பனையோலைக் கூடை இருக்கும்போது இதை எதுக்கு வரவழைக்கணும்?

வரவழைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதற்கென்று கடல் தாண்டி ஒரு பயோங்கைத் தருவித்தால் அதில் அர்த்தமில்லை. பக்கத்தில் பனையோலைப் பெட்டி முடைகிறவரிடம் வாங்குங்கள், மஞ்சப்பையை எடுத்துப் போங்கள். பிள்ளை வரும்போது பெட்டியில் காலியாக இருக்கும் இடத்தில் ஒன்று வருகிறதென்றால் அது வேறு. பயோங் பிலிப்பைன்ஸ் சந்தைக்கு உரியது. இங்கே குடியிருக்கிறவர்கள், இங்கே வந்துபோகிறவர்களுக்குத்தான் இதை நான் பரிந்துரைப்பது.

எல்லாரும் பயோங் எடுத்தா பிலிப்பைன்ஸ் பிளாஸ்டிக் பிரச்சினை தீர்ந்துடுமா?

தீராது. 2021-ல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பிலிப்பைன்ஸை முதலிடத்தில் வைத்தது. மக்கள் இங்கே மட்டும் அதிகமாகப் பிளாஸ்டிக் தின்கிறார்கள் என்று பொருளில்லை. ஏழாயிரத்துக்கும் மேல் தீவுகள், குட்டையான ஆறுகள், கொட்டும் மழை, கடலோர ஊர்கள், அதோடு குப்பை அள்ளுவதில் ஓட்டை. தெருவில் விழுந்தது நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது.

பைக்கு மேல் ஒரு பூதம் இருக்கிறது, சாஷே. தெருமுனை ‘சாரி-சாரி’ கடையில் ஷாம்பு, காபி, சோயா சாஸ், சமையல் எண்ணெய் எல்லாம் ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். தினக்கூலிக்காரர் பாட்டிலை எப்படி வாங்குவார்? ஒரு நாளைக்கு 16 கோடிக்கும் மேல் சாஷே காலியாவதாக கையா என்ற சூழல் அமைப்பு 2019-ல் மதிப்பிட்டது. அந்தப் பாக்கெட்டை பயோங்கில் போட்டு எடுத்துவந்தாலும் பாக்கெட் பாக்கெட்தான். பெரிய நிறுவனங்கள் தங்கள் உறைகளைத் தாங்களே திரும்ப எடுக்க வேண்டும் என்று 2022-ல் சட்டம் வந்திருக்கிறது. 2023-ல் 20 சதவீதத்தில் தொடங்கி 2028-ல் 80 சதவீதம் என்பது இலக்கு. பிரச்சினையின் பெரிய பாகம் அங்கேதான் தீர வேண்டும். கேரி பேக் பாகத்தை மட்டும் நாம் வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

எங்க சங்க விழாவுக்கு நூறு பயோங் லோகோ போட்டுக் கொடுக்கலாம்னு இருக்கோம். சரியா?

முதலில், வருகிறவர்களில் எத்தனை பேர் சந்தைக்குப் போகிறவர்கள் என்று யோசியுங்கள். மேலே எண் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள்: நூறு பையில் எண்பது ஆணியில் தொங்கினால் எண்பது பையின் உழைப்பை வீணாக்கிவிட்டு, ‘பசுமை விழா’ என்று படம் போட்டுக்கொள்கிறோம். வருகிறவர்களிடம் பை வேண்டுமா என்று முன்பே கேட்டு, வேண்டும் என்றவர்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

லோகோ பெரிதாக வேண்டாம். விழாத் தேதி போட்ட பையை யாரும் அடுத்த வருடம் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஓலையில் அச்சு சீக்கிரம் உதிரவும் செய்யும். கட்டாயம் வேண்டுமென்றால் கைப்பிடியில் சின்னத் துணிச்சீட்டு தைக்கச் சொல்லுங்கள். ஆர்டரை வெயில் மாதங்களில், மார்ச், ஏப்ரலில் கொடுங்கள். ஜூனுக்கு மேல் மழை பிடித்துவிட்டால் ஓலை காயாது, அவசரப்படுத்தினால் அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் பின்னிக் கொடுப்பார்கள், விழா மேடைக்கு வருவதற்குள் உள்ளே பூஞ்சை படிந்திருக்கும். முன்பணம் பாதியாவது கொடுத்துவிடுங்கள், ஓலையும் சாயமும் வாங்க அவர்களுக்கு அது வேண்டும்.